முதுகெலும்பில் ஒரு வெள்ளைப் புள்ளி!

‘இந்த சைமல்டேனியஸ் ஈக்வேஷனெல்லாம் வாழ்க்கையில எங்கய்யா உதவப் போகுது?’ - கடைசி பெஞ்ச்சில் காலங்காலமாகக் கேட்கப்படும் கேள்வி இது. பதில் இருக்கு பாஸ்... ஆஸ்பத்திரியின் சி.டி. ஸ்கேன் ரூமில்!

முதலில் சிக்கலைப் பார்த்துடலாம். மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுக்கும் ஒருவருக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். முதுகெலும்புக்குள் பட்டாணி சைஸில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது எலும்புக்குப் பரவிய புற்றாக இருந்தால், நோய் நான்காவது கட்டத்துக்குப் போயாச்சு, சிகிச்சையே மாறும். ‘போன் ஐலேண்ட்’ எனப்படும் எலும்புத் திட்டாக இருந்தால், ஒரு கெடுதலும் கிடையாது. ‘ஊசியில் துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ணிடலாமே’ என்கிறீர்களா? பக்கத்திலேயே தண்டுவடம் இருக்கே! ஸோ, குத்தாமலே கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் மேட்டர்.

சி.டி. ஸ்கேனை உருவாக்கியவர் டாக்டர் இல்லை. நம்ம ஆளு, இன்ஜினீயர்! பெயர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. பீட்டில்ஸின் இசைத்தட்டுகளை வெளியிட்ட இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்தவர். 1971 அக்டோபர் 1-ம் தேதி, லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது அவருடைய மெஷின். 1979-ல் ஆலன் கார்மாக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உடம்பின் ஒவ்வொரு புள்ளியும் எக்ஸ்-ரேயை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் அளவுக்கும் அவர் பெயர்தான். தண்ணீர் 0 ஹவுன்ஸ்ஃபீல்டு யூனிட். காற்று மைனஸ் 1000. கெட்டி எலும்பு பிளஸ் 1000-ஐத் தாண்டும்.

இந்த நம்பர்தான் முதல் துப்பு. சராசரி 885-க்கு மேலும், உச்சம் 1060-க்கு மேலும் இருந்தால், அது போன் ஐலேண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றது 2016-ல் வெளியான ஓர் ஆய்வு. ஆனா, ஒரு ட்விஸ்ட்! சிகிச்சையில் அடங்கும் புற்றுக்கட்டியும் எலும்பு மாதிரி இறுகி, நம்பரை ஏற்றிவிடும். அதனால் தோற்றத்தையும் பார்க்கிறார்கள். ஹெமாஞ்சியோமா என்ற சாதுவான கட்டி, குறுக்குவெட்டுப் படத்தில் புள்ளி போட்ட பாவாடை மாதிரி தெரியும். பார்த்ததுமே டாக்டருக்கு நிம்மதி!

எல்லாக் கட்டியும் இப்படி அடையாள அட்டையோடு வராது. எலும்பின் கால்சியமும், ஸ்கேனுக்காக ரத்தத்தில் ஏற்றும் அயோடினும் ஒரே நம்பரைக் காட்டிக் குழப்பும். ரெண்டு அன்நோன், கையில் ஒரே ஈக்வேஷன். என்ன செய்யலாம்? இன்னொரு ஈக்வேஷன் வேணும்! அதைத் தருவதுதான் டூயல் எனர்ஜி சி.டி. ஒரே இடத்தை 80 கிலோவோல்ட், 140 கிலோவோல்ட் என ரெண்டு விதமான எக்ஸ்-ரேயில் பார்க்கிறது. எனர்ஜி மாறும்போது கால்சியமும் அயோடினும் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை. ஸோ, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு ரெண்டையும் பிரித்துவிடும்.

கால்சியத்தைக் கழித்தால், எலும்புக்குள் ஒளிந்திருக்கும் மஜ்ஜை தெரியும். பெரியவர்களின் மஜ்ஜையில் கொழுப்பு நிறைய இருக்கும். புற்றுச் செல்கள் அதைத் தள்ளிவிட்டு இடம் பிடித்தால், நம்பர் ஏறும். அயோடினைத் தனியே பார்த்தால், கட்டிக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று புரியும். அடுத்த கட்டம், ஒவ்வொரு போட்டானையும் அதன் எனர்ஜியோடு எண்ணும் ‘போட்டான் கவுன்டிங்’ சி.டி. 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அப்போ ஊசிக்கு டாட்டாவா? அவசரப்படாதீங்க. ஹெமாஞ்சியோமாவுக்கும் ரத்த ஓட்டம் அதிகம். கிருமித் தொற்றும் மஜ்ஜையைக் கெடுக்கும். மஜ்ஜையைப் பார்ப்பதில் எம்.ஆர்.ஐ. இன்னும் சீனியர். எல்லாம் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், சதை டெஸ்ட்தான் கடைசித் தீர்ப்பு. புது ஸ்கேன் செய்வது, தேவையில்லாமல் குத்தப்படுகிறவர்களைக் குறைப்பது. அதுவே பெரிய விஷயம்தானே!

கடைசியா, பைசா செலவில்லாத ஒரு டெக்னிக். போன் ஐலேண்ட் பெரும்பாலும் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். அஞ்சு வருஷத்துக்கு முந்தைய படத்திலும் அதே புள்ளி அதே சைஸில் இருந்தால், பாதி பயம் அங்கேயே போச்சு. அதனால, வீட்ல அப்பா, அம்மா, பாட்டி யாரோட ஸ்கேன் ஃபிலிமா இருந்தாலும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுடாதீங்க ப்ளீஸ்!