நெடுஞ்சாலைக்குப் பிறந்த கார், நெரிசலில் எப்படி வாழும்?

கிள்ளானில் ஒரு சனிக்கிழமை மாலை. பழைய கார் விற்கும் கடை ஒன்றின் முன்னால் உங்கள் அண்ணன் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கண் ஒரே ஒரு காரின் மேல்தான் இருக்கிறது. நீண்ட முன்பக்கம், பின்னோக்கிச் சரிந்து இறங்கும் கூரை, இரண்டே கதவுகள், உள்ளே நான்கு இருக்கைகள். காருக்கு வயது 15. மீட்டரில் 60,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. புதிதாக இருந்தபோது விற்ற விலையில் ஒரு பகுதியைத்தான் இப்போது கேட்கிறார்கள்.

“தினமும் பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்கு இதிலேயே போய் வந்துவிடலாம்” என்கிறார் அண்ணன். அம்மாவின் சேமிப்பில் ஒரு பங்கும் அந்த விலையில் சேரப்போகிறது. பின் இருக்கையில் உட்காரப் போவது நீங்களும் பாட்டியும்.

வாங்கலாமா, வேண்டாமா? இதற்குப் பதில் சொல்ல நீங்கள் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. பள்ளியில் படிக்கும் இயற்பியலும் வேதியியலும் பாதி விடையைத் தந்துவிடும்.

ஜி.டி. என்றால் என்ன?

இத்தகைய கார்களை ‘கிராண்ட் டூரர்’ அல்லது சுருக்கமாக ‘ஜி.டி.’ என்பார்கள். ‘கிரான் டூரிஸ்மோ’ என்ற இத்தாலியச் சொல்லுக்குப் ‘பெரும் பயணம்’ என்று பொருள். ஓர் ஊரிலிருந்து தொலைவில் உள்ள இன்னோர் ஊருக்கு, பெட்டி படுக்கையுடன், களைப்பில்லாமல் விரைந்து போவதற்காக வடிவமைத்த கார் இது. 1951இல் இத்தாலியில் வெளிவந்த லான்சியா அவுரேலியா பி20 இந்தப் பெயரைத் தாங்கிய முன்னோடிகளில் ஒன்று.

நம் நாட்டுக்கும் இந்த வடிவம் புதிதன்று. 1996இல் புரோட்டோன் நிறுவனம் வீரா காரை அடிப்படையாகக் கொண்டு, 1.8 லிட்டர் எஞ்சினுடன், புத்ரா என்ற இரண்டு கதவு கார் ஒன்றை வெளியிட்டது. டோயோட்டா 86, மஸ்டா ஆர்எக்ஸ்-8, பிஎம்டபிள்யூ 3 வரிசையின் இரண்டு கதவு வகை போன்றவையும் பழைய கார் சந்தையில் இளைஞர்களை இழுப்பவை.

ஒரு ஜி.டி. காருக்கு ஏற்ற நாள் எப்படி இருக்கும்? காலையில் கோலாலம்பூரில் புறப்பட்டு, ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஈப்போவுக்கு ஒரே சீரான வேகத்தில் போவது. அண்ணனின் நாள் அப்படியா? கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகப் பிரிக்பீல்ட்ஸ் சுமார் 30 கிலோமீட்டர். காலை நெரிசலில் கார் ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்ந்து போகும். வெளியே 33 பாகை வெயில். மாலையில் இடி மின்னலுடன் மழை.

ஆகவே நாம் பார்க்க வேண்டியது, இந்தக் கார் வெப்பத்தையும் நீரையும் காலத்தையும் எப்படித் தாங்கியிருக்கிறது என்பதைத்தான். இந்த மூன்றும் செய்த வேலை கிலோமீட்டர் மீட்டரில் தெரியாது.

வெப்பம்: நிற்கும் காருக்குத்தான் மூச்சு முட்டும்

பெட்ரோல் எரியும்போது வெளிப்படும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரங்களைச் சென்றடைவதில்லை. மீதிப் பெரும்பகுதி வெப்பமாகிறது. அதில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். இன்னொரு பங்கைக் குளிரூட்டும் நீர் ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்க் காற்றில் கலக்கிறது.

கார் விரைந்து ஓடினால் எதிர்க்காற்று ரேடியேட்டருக்குள் தானாகப் புகும். நெரிசலில் நிற்கும்போது அந்தக் காற்று இல்லை. மின்விசிறி ஒன்றுதான் துணை. அந்த நேரத்தில் குளிர்சாதனமும் ஓடினால், அது காருக்குள்ளிருந்து எடுக்கும் வெப்பத்தையும் ரேடியேட்டருக்கு முன்னால்தான் கொட்டும். அதனால் நெடுஞ்சாலையில் சிரமமே தெரியாத கார், சிவப்பு விளக்கில் சூடேறலாம்.

ரேடியேட்டர் மூடியைக் கவனித்திருக்கிறீர்களா? வீட்டுப் பிரஷர் குக்கர் செய்யும் வேலையை அதுவும் செய்கிறது. உள்ளே வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு அழுத்தத்தைத் தேக்கினால், தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் ஏறக்குறைய 120 பாகை வரை தாங்கும். 15 வருடப் பழைய ரப்பர் குழாயிலோ மூடியிலோ சிறு கசிவு இருந்தால் இந்த அழுத்தம் நிற்காது. நீர் முன்னதாகவே கொதித்துவிடும். சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது என்பதும் இதனால்தான். அழுத்தம் சட்டென்று குறைந்ததும் நீர் கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

நெரிசலுக்கு இன்னொரு விலையும் உண்டு. இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. 1,500 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டரில், அதாவது வினாடிக்கு 13.9 மீட்டரில் ஓடினால், அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 145,000 ஜூல். பிரேக்கை மிதித்து நிறுத்தியதும் அது முழுவதும் வெப்பமாகி வீணாகும். ஒரு பயணத்தில் 40 முறை இப்படி நின்றால் 5.8 மில்லியன் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மில்லியன் ஜூல் இருக்கிறது. நெரிசலில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் பயனாகிறது என்று கொண்டால், கிட்டத்தட்ட 0.9 லிட்டர் பெட்ரோல் பிரேக்கைச் சூடேற்றுவதற்கே செலவாகிறது. அதே பயணத்தில் 1,000 கிலோ எடையுள்ள சிறிய காருக்கு 0.6 லிட்டர் போதும். போக, வர, மாதத்துக்கு 22 நாள் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

நீர்: மூன்று இடங்களில் ஒளிந்திருக்கும்

முதல் இடம், பிரேக் எண்ணெய். இது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் தன்மை கொண்டது. ‘டாட் 4’ என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. எடையில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடும். அடிக்கடி பிரேக் பிடித்து அந்த எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. ஆவியைச் சுருக்க முடியும். மிதிப்பவரின் விசை குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும். பெடல் அடிவரை இறங்கும், கார் நிற்காது. நம் ஊரின் ஈரப்பதத்தில், “பிரேக் எண்ணெயைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?” என்பது கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாம் இடம், டயருக்கும் சாலைக்கும் நடுவே. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள டயர், 3 மில்லிமீட்டர் ஆழ நீரில், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் உருள்கிறது என்று கொள்ளுங்கள். அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கினால், ஒவ்வொரு வினாடியும் அந்த ஒரு டயர் 15 லிட்டர் நீரை ஒதுக்க வேண்டும்! டயரின் பள்ளங்கள் இருப்பது அதற்காகத்தான். பள்ளம் தேய்ந்துவிட்டால் டயர் நீரின் மேல் மிதக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. ஜி.டி. கார்களுக்குப் பெரும்பாலும் அகலமான டயர்கள் என்பதால் ஒதுக்க வேண்டிய நீரும் அதிகம். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். மழை ஊருக்கு 3 மில்லிமீட்டர் இருந்தால் நிம்மதி.

மூன்றாம் இடம், காருக்குள்ளேயே. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைத் தாக்கிய வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் நீரில் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தோம். அத்தகைய கார்களைக் கழுவி, மெருகேற்றி, மீண்டும் விற்பனைக்கு வைக்க முடியும். வெள்ள நீர் தூய நீரன்று. உப்புகள் கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான கம்பி இணைப்புகளில் மின்னோட்டம் பாயும்போது, ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்யும் மின்பகுப்பு அங்கேயும் நடக்கிறது. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பச்சை நிறப் படிவாகும். வாங்கிய அன்று எல்லா விளக்கும் எரியும். ஆறு மாதம் கழித்து, காற்றுப்பைக்குச் செல்லும் இணைப்பே அறுந்து போகலாம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பது. இருக்கையை மாற்றியவர்கள்கூட உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டை மறந்திருப்பார்கள். அதில் சேற்றுக் கறையோ பூஞ்சை வாடையோ இருந்தால் எச்சரிக்கை. மாற்று டயர் வைக்கும் குழி, இருக்கைக்கு அடியிலுள்ள இரும்புத் தண்டு, விளக்குக் கண்ணாடியின் உட்புறம் ஆகியவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

காலம்: ஓடாத காரும் மூப்படையும்

“15 வருடத்தில் 60,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது” என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். கணக்குப் போடுங்கள். வருடத்துக்கு 4,000, நாளுக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர். மீட்டர் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அந்தக் கார் பெரும்பாலும் குறுகிய பயணம் போயிருக்கலாம், அல்லது வாரக்கணக்கில் சும்மா நின்றிருக்கலாம். குறுகிய பயணத்தில் எஞ்சின் முழுச் சூட்டை அடைவதில்லை. எரிதலில் உண்டாகும் நீராவி எஞ்சின் எண்ணெயில் குளிர்ந்து தங்கி அதைக் கெடுக்கும்.

ரப்பருக்கும் ஓய்வு கிடையாது. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் தாக்கிக்கொண்டே இருக்கும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். ‘2319’ என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பள்ளம் ஆழமாக இருந்தும் ரப்பர் கிழடு தட்டியிருக்கலாம். பக்கச் சுவரின் மெல்லிய வெடிப்புகள் அதைக் காட்டும்.

பல எஞ்சின்களில் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடுவது பல் வைத்த ரப்பர் பட்டைதான். அது ஓடும்போது அறுந்தால், சில வகை எஞ்சின்களில் பிஸ்டன் வால்வின் மேல் மோதி எஞ்சினே பாழாகும். கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் வயது ஏறிய பட்டையை மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றியதற்கு ரசீது உண்டா என்று கேளுங்கள்.

பணம்: எஞ்சினின் கொள்ளளவு சொல்லும் கணக்கு

தீபகற்ப மலேசியாவில் பெட்ரோல் கார்களின் சாலை வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது. தனியாருக்குச் சொந்தமான 1,500 சி.சி. காருக்கு வருடம் 90 ரிங்கிட். 2,000 சி.சி. என்றால் 380 ரிங்கிட். 3,000 சி.சி. என்றால் 2,130 ரிங்கிட். கொள்ளளவு இரண்டு மடங்காகும்போது வரி 23 மடங்குக்கு மேல் ஏறுகிறது. காரின் விலை குறைந்தாலும் எஞ்சினின் கொள்ளளவு குறையாது. உதிரிப்பாகத்தின் விலையும் அப்படித்தான்.

பார்க்கப் போகும் நாளில்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேருங்கள். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல் முறை முடுக்கும்போது வரும் சத்தத்தையும் புகையையும் கவனியுங்கள். கொஞ்ச நேரம் வெள்ளை ஆவி வருவது இயல்பு. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. இனிப்பு வாடையுடன் வெண்புகை நிற்காமல் வந்தால் குளிரூட்டும் நீர் எஞ்சினுக்குள் கசிகிறது.

பிறகு குளிர்சாதனத்தைப் போட்டுவிட்டு, காரை அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓட விடுங்கள். அதுதான் கூட்டரசு நெடுஞ்சாலைக்கான தேர்வு. வெப்பமானி முள் நடுவில் நிற்க வேண்டும். விசிறி தானாகச் சுழல வேண்டும். அந்த நேரத்தில் நீங்களும் பாட்டியும் பின் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். காற்றைக் கிழித்துப் போகச் சரித்த கூரை உங்கள் தலையில் இடிக்கிறதா? முன் இருக்கையை மடக்கிப் பாட்டியால் ஏறி இறங்க முடிகிறதா?

பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் கார் பரிசோதனைக்குப் போகும். அது அவசியம். ஆனால் அதில் தேறிய காரின் பட்டையும் குழாய்களும் நல்ல நிலையில் இருக்கும் என்று அதை வைத்து முடிவு செய்ய முடியாது. கடைக்காரரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போவது, பின்னால் வரும் செலவோடு ஒப்பிட்டால் சிறு தொகை.

சேமிப்பு முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டால், மறுநாளே மாற்ற வேண்டிய டயருக்கும் பிரேக் எண்ணெய்க்கும் பட்டைக்கும் பணம் இருக்காது. இவற்றுக்கு என்ன செலவாகும் என்று முதலில் கேட்டு, அதை விலையோடு கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையும் கட்டுப்படியாகி, கார் அரை மணி நேரத் தேர்விலும் தேறினால், அண்ணன் ஆசைப்பட்டதில் தவறில்லை. ஏதாவது ஒன்றில் தவறினால் அடுத்த கடைக்கு நடக்கலாம். அல்லது, கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸின் கேஎல் சென்ட்ரலுக்கு கொமுட்டர் ரயில் தினமும் ஓடுகிறது. அதில் போய்வந்து இன்னும் கொஞ்சம் சேமித்துக்கொண்டு, நல்ல காருக்காகக் காத்திருக்கலாம்.

முதல் வேலையாக, இன்று மாலை உங்கள் வீட்டுக் காரின் டயரில் அந்த நான்கு இலக்க எண்ணைத் தேடிப் படித்துப் பாருங்கள்.