சாட்பாட் சொன்ன வாக்கு, கம்பெனி கட்டுன காசு

சரவணம்பட்டி ஐடி கம்பெனியில சாட்பாட்டுக்கு விதிமுறை எழுதுறீங்களா? ஏர் கனடா வழக்கைப் படிச்சிருங்க.

2022-ல பாட்டி இறந்ததால அவசரமா டிக்கெட் எடுத்தவர்கிட்ட, துக்கப் பயணச் சலுகையை அப்புறமாவும் கேட்கலாம்னு அவங்க சாட்பாட் சொல்லுச்சு. நிஜ விதிப்படி, பயணம் முடிஞ்சா சலுகை கிடையாது. சாட்பாட் பேச்சுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு கம்பெனி வாதாடுச்சு. 2024 பிப்ரவரியில தீர்ப்பாயம் அதை ஏத்துக்கல; சுமார் 812 கனடா டாலர் கட்டச் சொல்லுச்சு.

'கனிவா பேசு'ன்னு மட்டும் எழுதினா பத்தாதுங்க. (நம்மூர்ல 'ங்க' போடவா சொல்லித் தரணும்!) பணம், தேதி, சலுகைன்னு வந்தா விதியில இருக்கிறதை மட்டும் சொல்லு; இல்லைன்னா "உறுதியா தெரியலைங்க"ன்னு ஊழியர்கிட்ட மாத்திவிடுன்னு எழுதுங்க.

லோன் கட்டணம் பத்தி நீங்களே சாட்பாட்கிட்ட கேட்டா, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. அந்தப் பயணிகிட்டயும் அது இருந்துச்சு.