பஞ்சர் கடையில் ஒரு கணக்கு

திருவண்ணாமலையில் வேலூர் சாலையிலோ செங்கம் சாலையிலோ போகும்போது ‘டயர் வல்கனைசிங்’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய கடையில் இரண்டு பொருள்களைக் கவனியுங்கள். ஒன்று, பஞ்சர் ஒட்டத் தடவும் சொலூஷன். மற்றொன்று, சைக்கிள் ட்யூப். பச்சை ரப்பரைத் தகுந்த திரவத்தில் கரைத்தால் சொலூஷன் கிடைக்கும். ஆனால் ட்யூபின் துண்டை அதே திரவத்தில் எத்தனை நாள் ஊறப் போட்டாலும் அது உப்புமே தவிரக் கரையாது. இரண்டும் ரப்பர்தானே? பின் ஏன் இந்த வேறுபாடு?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் மரத்திலிருந்து வடியும் ரப்பர், நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. ஒவ்வொரு சங்கிலியும் தனித்தனி, ஆகவே கரைகிறது. 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாவதைக் கண்டார். கந்தகம் சங்கிலிகளுக்கிடையே பாலம் போடுகிறது. பாலங்கள் போதிய அளவு ஏற்பட்டதும் ரப்பர் முழுவதும் ஒரே வலையாகிவிடுகிறது. ஆம், ட்யூப் ஏறக்குறைய ஒரே ஒரு மாபெரும் மூலக்கூறு! இப்படி வேதிப் பிணைப்புகளால் பின்னப்பட்ட வலையே வேதி ஜெல். கடற்பாசி ஜெல்லியைச் சூடாக்கினால் இளகிவிடும், இதுவோ இளகாது.

பாலங்கள் ஒன்றொன்றாகத்தான் உண்டாகின்றன. அப்படியானால் வலையும் சிறிது சிறிதாகத்தான் உருவாகுமா? இதற்குக் கணக்கு விடை சொல்கிறது.

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிறைய மக்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று கைகள் என்று கற்பனை செய்வோம். ஒரு கை இன்னொருவர் கையைப் பற்றியிருக்கும் நிகழ்தகவு ‘ப’. நீங்கள் ஒருவரிடமிருந்து கைவழியே அடுத்தவரை அடைகிறீர்கள். வந்த கை போக அவருக்கு மிச்சம் இரண்டு கைகள். எனவே அவர் வழியாக நீங்கள் அடையும் புதியவர்கள் சராசரியாக 2ப பேர். இது ஒன்றுக்குக் குறைவானால் தொடர் தேய்ந்து நின்றுவிடும். ஒன்றைத் தாண்டினால் முடிவின்றிப் பரவ வழியுண்டு. ஆகவே எல்லை, ப = 1/2.

நீங்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் இருக்கும் குழுவின் சராசரி அளவு 1 + 3ப + 3ப(2ப) + … என்ற பெருக்குத் தொடர். இதன் கூட்டுத்தொகை (1 + ப)/(1 − 2ப). ப = 0.4 ஆனால் குழுவில் 7 பேர். 0.49 ஆனால் சுமார் 75 பேர். 0.499 ஆனால் சுமார் 750 பேர்! பிணைப்புகள் மெல்லக் கூடுகின்றன. குழுவோ திடீரென்று பூதாகாரமாகிறது. அந்தக் கணமே ஜெல் பிறக்கும் கணம்.

கைகளின் எண்ணிக்கை ‘க’ ஆனால் எல்லை ப = 1/(க − 1). இக்கணக்கை 1941-இல் பால் ஃப்ளோரி வகுத்தார். விரைவிலேயே ஸ்டாக்மேயர் அதை விரிவாக்கினார். ஃப்ளோரி 1974-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

இப்போது ரப்பருக்கு வருவோம். ஒரு சங்கிலியில் பாலம் போடத்தக்க இடங்கள் 1001 என்று கொண்டால், எல்லை 1/1000 மட்டுமே. நூறு பங்கு ரப்பருக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகமே போதுமானதாக இருப்பதன் இரகசியம் இப்போது விளங்குகிறதல்லவா?

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு. ஒரே குழுவைச் சேர்ந்த இருவர் தங்களுக்குள் கை கோத்து வளையம் அமைப்பதை அது கருதவில்லை. அத்தகைய பிணைப்புகள் குழுவைப் பெரிதாக்குவதில்லை. அதனால் உண்மையில் ஜெல் சற்றுத் தாமதமாகவே உருவாகிறது. வளையங்களையும் கணக்கில் கொள்ள, பிராட்பென்ட், ஹாமர்ஸ்லி இருவரும் 1957-இல் தந்த ‘ஊடுபரவல்’ கோட்பாடு உதவுகிறது. 1976-இல் டி ஜென், ஸ்டாஃபர் ஆகியோர் அதை ஜெல்லுக்குப் பொருத்திக் காட்டினர். இத்துறையிலும் ஆராய்ச்சி செய்த நம் நாட்டு இயற்பியலாளர் தீபக் தர், 2022-ஆம் ஆண்டுக்கான போல்ட்ஸ்மன் பதக்கம் பெற்றார். அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

எல்லையைத் தாண்டிய பின் திரும்ப வழியில்லை. தொழிற்சாலையில் கலக்கும்போதே ரப்பர் வலையாகிவிட்டால் அதை அச்சில் வார்க்க முடியாது. பழைய பிளாஸ்டிக் வாளியை உருக்கி வேறு பொருள் வார்க்கலாம். பழைய டயரை அப்படி உருக்க முடியாது. அது குப்பையாய்க் குவிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். தாளில் ஒரு புள்ளியிட்டு மூன்று கைகள் வரையுங்கள். ஒவ்வொரு கைக்கும் பகடையை உருட்டுங்கள். 1 அல்லது 2 விழுந்தால் அக்கையின் நுனியில் புதிய புள்ளியிட்டு, அதற்கு மேலும் இரண்டு கைகள் வரையுங்கள். மற்ற எண் விழுந்தால் அக்கை அங்கேயே நின்றுவிடும். இதில் ப = 1/3; படம் விரைவில் முடிந்துவிடும். அடுத்து, 1 முதல் 4 வரை எது விழுந்தாலும் புள்ளியிடுங்கள். இப்போது ப = 2/3. எட்டு முறை தொடங்கினால் சராசரியாக ஏழு முறை உங்கள் தாள் போதாது!

ஐந்து கைகள் உள்ள மூலக்கூறுக்கு எல்லை என்ன? விடை உங்கள் கையில்.