கரண்ட் போனால் கறி என்னாவது? போத்தலில் அடைப்பதா, பிறீசரில் வைப்பதா?



சில காலத்திற்கு முன் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா வழமையான இரத்த அழுத்தப் பரிசோதனைக்காக எனது கிளினிக்குக்கு வந்திருந்தார். போகும்போது கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு கண்ணாடிப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ஆட்டிறைச்சிக் கறி. மேலே எண்ணெய் மிதந்து, பார்க்கவே வாயூறியது.

"தம்பி, இது யூனிவேசிற்றியில படிக்கிற பேரனுக்குச் செய்தது. ஒண்டு உங்களுக்கு. பிறிட்ஜ் தேவையில்லை, அலுமாரியில வைக்கலாம்."

"என்னெண்டு செய்தனீங்கள் அம்மா?"

"வீடியோவில பாத்துத்தான். போத்தலை மூடி, கொதி தண்ணிக்குள்ள ஒரு மணித்தியாலம் வைச்சனான். மூடி டக்கெண்டு இழுத்துப் பிடிச்சிட்டுது."

2022 மே 21 ஆம் திகதி ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் அடித்த கடும் புயலில் அவர் வீட்டில் மூன்று நாட்கள் மின்சாரம் இல்லை. பிறீசர் நிறைய இருந்த மீனும் இறைச்சியும் பழுதாகிக் குப்பைக்குப் போயின. "இனி பிறீசரை நம்பக்கூடாது" என்று முடிவெடுத்துத்தான் இந்த வேலையில் இறங்கியிருக்கிறார். இரண்டு நாள் மினக்கெட்டுப் பதினான்கு போத்தல்கள். அத்தனையையும் எறியச் சொல்ல வேண்டிய நிலை எனக்கு. அவரின் அனுமதியுடனேயே, பெயரைத் தவிர்த்து, இதை எழுதுகிறேன். ஏனென்றால் இதே கேள்வியை வேறு பலரும் என்னிடம் கேட்கிறார்கள்.

மூடி இறுகினால் போதாதா?

போதாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

குளொஸ்ரிடியம் பொட்டுலினம் என்றொரு பக்ரீரியா மண்ணில் எங்கும் உண்டு. மரக்கறி, இறைச்சி, உள்ளி, உருளைக்கிழங்கு எல்லாவற்றோடும் அதன் வித்திகள் நமது குசினிக்குள் வந்துவிடும். சாதாரணமாக அவற்றால் வளர்ந்தவர்களுக்குத் தீங்கில்லை. ஆனால் காற்றுப் புகாத இடம், புளிப்புக் குறைந்த உணவு, அறை வெப்பநிலை ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்த வித்திகள் முளைத்து, மனிதன் அறிந்த மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்றை உற்பத்தி செய்யும். இறுக மூடி அலுமாரியில் வைத்த கறிப் போத்தலில் இந்த மூன்றும் உண்டு.

வித்திகள் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீரில் சாகமாட்டா. எவ்வளவு நேரம் கொதித்தாலும் தண்ணீரின் சூடு 100 பாகையைத் தாண்டாது. அவற்றை அழிக்க 116 முதல் 121 பாகை வரையான வெப்பம் வேண்டும். அது அழுத்தத்தின் கீழ், நீராவியில் மட்டுமே கிடைக்கும்.

2015 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், லங்காஸ்ரர் நகரத் தேவாலயம் ஒன்றில் எல்லோரும் ஒவ்வொரு சாப்பாடு கொண்டுவந்து பகிர்ந்துண்ணும் விருந்து நடந்தது. அதில் உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்டவர்களில் 29 பேருக்குப் பொட்டுலிசம் ஏற்பட்டது. ஒருவர் இறந்துபோனார். வீட்டில் போத்தலில் அடைத்த உருளைக்கிழங்கை, அழுத்தக் கருவியைப் பாவிக்காமல் கொதிநீரில் மட்டும் அவித்திருந்ததுதான் காரணம். அந்த அம்மா செய்ததும் இதையேதான்.

இந்த நஞ்சு கலந்த உணவில் மணமோ நிறமோ மாறாமல் இருக்கலாம். சாப்பிட்டு அநேகமாக 12 முதல் 36 மணித்தியாலங்களில், சில வேளை பல நாட்கள் கழித்தும், அறிகுறிகள் தொடங்கும். கண் இரட்டையாகத் தெரியும், இமைகள் சரியும், நாக்குத் தடுமாறும், விழுங்கக் கடினமாகும், வாய் வறளும். பிறகு தளர்வு மேலிருந்து கீழாக இறங்கும். பெரும்பாலும் காய்ச்சல் இராது, அறிவு தெளிவாக இருக்கும். மூச்சுத் தசைகள் செயலிழந்தால் உயிருக்கே ஆபத்து. சந்தேகம் வந்தால் உடனே 911 ஐ அழையுங்கள். நச்சுமுறி மருந்து உண்டு; எவ்வளவு முந்திக் கொடுக்கிறோமோ அவ்வளவு பலன்.

விசில் குக்கர் காணாதா?

"வீட்டில் பிறஷர் குக்கர் இருக்கிறதே, அதற்குள் வைத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். நமது விசில் குக்கர் சிறியது, விரைவாகச் சூடாகி விரைவாக ஆறிவிடும். போத்தலில் அடைப்பதற்காகச் சோதித்து எழுதப்பட்ட நேர அளவுகள், மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும் பெரிய 'பிறஷர் கானர்' கருவிக்கு உரியவை. அதில்கூட, குறித்த அழுத்தத்தில் இறைச்சித் துண்டுகள் அடைத்த அரை லீற்றர் போத்தலுக்கு 75 நிமிடம், ஒரு லீற்றர் போத்தலுக்கு 90 நிமிடம் வேண்டும். கல்கரி போல உயரமான இடங்களில் வசிப்பவர்கள் அழுத்தத்தையும் கூட்ட வேண்டும்.

இன்னொரு சிக்கல் உண்டு. அந்த அளவுகள் வெறும் இறைச்சித் துண்டும் தண்ணீரும் சேர்ந்த போத்தலுக்கானவை. தேங்காய்ப்பால் விட்டு வற்றிய நமது பிரட்டல் கறி, தடித்த பருப்பு, மசித்த பூசணி போன்றவற்றின் நடுப்பகுதிக்கு வெப்பம் மிக மெதுவாகவே போய்ச் சேரும். ஆகவே நமது சமையலைப் போத்தலில் அடைத்து அலுமாரியில் வைக்க வேண்டாம் என்பதே எனது ஆலோசனை.

போத்தலுக்கு ஏற்றவை எவை?

புளிப்புத்தான் காவல். அமிலத்தன்மை pH 4.6 அல்லது அதற்குக் கீழே உள்ள உணவில் இந்த வித்திகள் முளைக்கமாட்டா. உப்பும் புளியும் நிறைந்த தேசிக்காய் ஊறுகாய், வினாகிரி சேர்த்த மாங்காய்ச் சட்னி, பழ ஜாம் ஆகியவற்றைச் சோதிக்கப்பட்ட செய்முறைப்படி கொதிநீரில் வைத்து அடைக்கலாம். தக்காளி எல்லைக்கோட்டில் நிற்பது. ஒரு லீற்றர் போத்தலுக்கு இரண்டு மேசைக்கரண்டி, கடையில் வாங்கும் போத்தல் தேசிச்சாறு சேர்க்க வேண்டும்.

ஊறுகாய் என்று பெயர் இருந்தாலே புளிப்பு என்று நினைக்காதீர்கள். எண்ணெயில் பொரித்துச் சிறிது வினாகிரி தெளித்த கத்தரிக்காய் மோஜு பிறிட்ஜில்தான் இருக்க வேண்டும். இஞ்சி உள்ளி விழுதுக்கு எண்ணெய் ஊற்றி வெளியே வைப்பதும் ஆபத்து. 1985 இல் வன்கூவரில் ஓர் உணவகத்தின் எண்ணெயில் போட்ட உள்ளியினால் 36 பேர் பொட்டுலிசத்தால் பாதிக்கப்பட்டார்கள். விழுதைப் பிறிட்ஜில் வைத்து ஒரு கிழமைக்குள் முடியுங்கள், அல்லது சிறு கட்டிகளாக உறைய வையுங்கள்.

அப்படியானால் பிறீசரை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அதன் இயல்பைத் தெரிந்துகொண்டு. குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, நித்திரையாக்கி வைக்கிறது. குளிர் போனால் அவை எழும்பிவிடும்.

எனது சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். 2003 ஓகஸ்ட் 14, வியாழக்கிழமை பிற்பகல் நாலு மணி கழிந்ததும் ஒன்ராறியோவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் சுமார் ஐந்து கோடி மக்களுக்கு மின்சாரம் நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். நான் பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் மருத்துவ உரிமப் பரீட்சைக்குப் படிப்பு என்று இருந்த காலம். எங்கள் தொடர்மாடிக்கு அடுத்த நாள் பின்னேரம்தான் கரண்ட் வந்தது. கடும் வெக்கை. பிறிட்ஜில் முதல்நாள் மத்தியானம் வைத்த சோறும் கோழிக்கறியும் இருந்தன.

அம்மா அவற்றை எறிய விடவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு மழைக்குள் நடந்தபோது, ஒரு பார்சல் சோற்றை ஆறுபேர் பகிர்ந்தவர்கள் நாங்கள். "சாப்பாட்டை எறியிறது பாவம், நல்லாக் கொதிக்க வைச்சால் ஒண்டும் செய்யாது" என்றார். மருத்துவம் படித்த நான் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்து, "எறியுங்கோ" என்று சொல்ல மனம் வரவில்லை.

அன்று நள்ளிரவுக்குள் வீட்டில் எல்லோருக்கும் வாந்தி. நாங்கள் தேறிவிட்டோம். நீரிழிவும் பலவீனமான சிறுநீரகமும் உள்ள அப்பா நான்கு நாட்கள் வைத்தியசாலையில் சேலைன் ஏற்றிக் கிடந்தார். சோற்றிலும் இறைச்சியிலும் சில பக்ரீரியாக்கள் விடும் நஞ்சு, திரும்பக் கொதிக்க வைத்தாலும் அழியாது. கிருமி செத்துவிடும், அது விட்ட நஞ்சு மிஞ்சும். அன்று நான் காத்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் அந்த அம்மாவின் போத்தலைப் பார்த்ததும் நேரடியாகச் சொன்னேன்.

கரண்ட் போனால் நினைவில் வைக்க வேண்டிய கணக்கு

• பிறிட்ஜ்: திறக்காமல் இருந்தால் 4 மணித்தியாலம்.

• பாதி நிறைந்த பிறீசர்: 24 மணித்தியாலம்.

• முழுதாக நிறைந்த பிறீசர்: 48 மணித்தியாலம். மேல்புறம் திறக்கும் பெட்டி பிறீசரில் திறக்கும்போது குளிர் குறைவாகவே வெளியேறும்.

• இறைச்சி, மீன், முட்டை, பால், சமைத்த சாப்பாடு ஆகியவை 4 பாகைக்கு மேல் இரண்டு மணித்தியாலத்திற்குக் கூட இருந்தால் எறியுங்கள். ருசி பார்த்துச் சோதிக்க வேண்டாம்.

• பிறீசரில் இருந்தது இன்னும் பனித்துகளோடு இருந்தால், அல்லது 4 பாகைக்கு மேற்படாமல் இருந்தால், மீண்டும் உறைய வைக்கலாம். ருசி சற்றுக் குறையலாம், தீங்கில்லை.

முன்கூட்டியே செய்யக்கூடியவை

• பிறீசர் மறை 18 பாகையிலும் பிறிட்ஜ் 4 பாகையிலும் அல்லது அதற்குக் கீழும் இருக்கட்டும். இரண்டிலும் ஒவ்வொரு வெப்பமானி வையுங்கள். விலை மிகக் குறைவு.

• கறியைப் பெரிய சட்டியோடு வைக்காமல், தட்டையான சிறு பைகளில் ஒரு நேரச் சாப்பாட்டு அளவாகப் பிரித்து, திகதி எழுதி வையுங்கள். சமைத்து இரண்டு மணித்தியாலத்திற்குள் குளிருக்குப் போகட்டும். இரண்டு மூன்று மாதத்திற்குள் சாப்பிட்டு முடியுங்கள்.

• வெற்றிடத்தைத் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்புங்கள். மேலே சிறிது இடம் விடுங்கள், உறையும்போது விரியும். நிறைந்த பிறீசர் நீண்டநேரம் குளிர்ந்திருக்கும். உருகினால் குடிக்கவும் உதவும்.

• கோடையில் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு குவளையில் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு சதக் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு அடியில் இருந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது. அவற்றை எறிந்துவிடுங்கள்.

• ஆகக்குறைந்தது மூன்று நாளைக்குக் கரண்ட் இல்லாமல் சாப்பிடக்கூடிய சாமான் வீட்டில் இருக்கட்டும்: ரின்மீன், ரின்னில் வரும் கடலை, பிஸ்கட், பால்மா, வறுத்த மா, பேரீச்சம்பழம், குடிநீர். கையால் திறக்கும் ரின் வெட்டியை மறக்க வேண்டாம்.

சாப்பாட்டை விட முக்கியமான இரண்டு

முதலாவது, இன்சுலின். பாவிக்கத் தொடங்கிய இன்சுலினைப் பெரும்பாலும் 25 முதல் 30 பாகைக்குட்பட்ட அறை வெப்பத்தில் சுமார் 28 நாட்கள் வைத்திருக்கலாம். உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்பதை மருந்தாளரிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். மாரியில் கரண்ட் போனால் பனிக்குள் வைக்கவேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது.

இரண்டாவது, அடுப்பு. 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் பனிமழையால் மூன்று லட்சம் அளவிலான மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அந்த நாட்களில் சிலர் வீட்டுக்குள் கரி எரித்து, கார்பன் மொனொக்சைட் நஞ்சேறி வைத்தியசாலைக்குப் போனார்கள். பார்பிக்கியூ, கரியடுப்பு, ஜெனரேற்றர் எதையும் வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ பாவிக்காதீர்கள். அந்த வாயுவுக்கு மணமில்லை. ஊரில் நாங்கள் விறகடுப்பு எரித்த குசினிகளில் காற்று நாலு பக்கமும் புகுந்தது. இங்குள்ள வீடுகள் குளிருக்காக இறுக அடைத்துக் கட்டப்பட்டவை.

முடிவாக

1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபின், ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் படித்தவன் நான். அப்போது நம்மைக் காப்பாற்றியவை கருவாடு, ஒடியல், வற்றல், மோர்மிளகாய் முதலியன. வெயிலில் காய்ந்து, ஈரமில்லாமல் இருந்ததால் அவை பழுதாகவில்லை. நமது முன்னோர் இறைச்சிக் கறியைப் போத்தலில் அடைத்துப் பத்திரப்படுத்தவில்லை என்பதையும் கவனியுங்கள். கறிக்குப் பிறீசர், புளிப்புக்குப் போத்தல், அவசரத்திற்கு உலர்ந்த சாமானும் கடை ரின்னும் என்று பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை.

அந்த அம்மா மூன்று மாதம் கழித்து மீண்டும் வந்தார். "பதினாலையும் திறக்காமல், பையில கட்டிப் போத்தலோடையே எறிஞ்சிட்டன் தம்பி. அண்டைக்கு முழுக்க ஒரே கவலை" என்றார். பிறகு கைப்பையைத் திறந்தார். புதுப் போத்தலில் தேசிக்காய் ஊறுகாய்.

இதைச் சந்தோசமாக வாங்கிக்கொண்டேன்.

(இங்கே தரப்பட்டவை பொதுவான தகவல்கள். உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற ஆலோசனையைக் குடும்ப வைத்தியரிடம் பெற்றுக்கொள்ளுங்கள்.)