பார்த்த படமும் எழுதிய கணக்கும்

நமது குடும்பங்களில் கணக்கு எழுதும் வழக்கத்துக்குக் குறைவே இல்லை. பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சலவைக் கணக்கு, மொய்க் கணக்கு என்று நோட்டுப் புத்தகங்கள் அலமாரியில் அடுக்கியிருக்கும். முப்பது வருஷத்துக்கு முன் நடந்த கல்யாணத்தில் பெரிய மாமா எவ்வளவு மொய் எழுதினார் என்பதை ஒரு நிமிஷத்தில் எடுத்துக் காட்டக்கூடிய பாட்டிமார்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால், சென்ற வருஷம் இந்த வீட்டார் எத்தனை சினிமாப் படங்கள் பார்த்தார்கள், அவற்றுள் எத்தனை மனத்தில் தங்கின என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொள்வார்கள்!

வாரத்துக்கு ஒரு படம், படத்துக்கு இரண்டரை மணி நேரம் என்று வைத்துக் கொண்டால், வருஷத்துக்கு 130 மணி நேரமாகிறது. அதாவது, ஐந்து நாள் இரவு பகலாகக் கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பதற்குச் சமானம். கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் நினைத்த மாத்திரத்தில் படம் ஓடுகிற இந்நாளில், வாரத்துக்கு ஒன்று என்பதே மிகவும் அடக்கமான கணக்கு. கால் லிட்டர் பாலுக்குக் கணக்கு வைத்திருக்கும் நாம், இவ்வளவு காலத்தையும் கணக்கில்லாமல் செலவழித்து விடுகிறோம்.

ஆகையால், ஒவ்வொரு வீட்டிலும் சினிமாவுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். இது வெறும் பொழுதுபோக்கல்ல. ரசனைக்கு இது ஒரு பயிற்சி. தேசத்துக்கு இது ஒரு தொண்டு.

முதலில் பயிற்சியைப் பற்றிச் சொல்லுவோம். கல்கத்தாவில் பள்ளிக்கூடத்து மாணவனாயிருந்த ஒரு பையன், தான் பார்த்த படங்களைப் பற்றி நோட்டில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் தானே நட்சத்திரங்கள் போட்டு மதிப்பிட்டு வந்தான். ஆரம்பத்தில் அவன் கவனமெல்லாம் நடிகர்கள் மேலேயே இருந்தது. எழுத எழுதப் பார்வை மாறிற்று. ஒரு ஹாலிவுட் படத்தின் மெருகைக் கண்டே அது எந்த ஸ்தாபனத்தில் தயாரானது என்று சொல்லும் திறமை வந்தது. பிறகு நடிகர்களை விட்டு டைரக்டர்களிடம் கவனம் திரும்பிற்று. வாலிபனான பின்னர், கொட்டகையின் இருட்டிலேயே, காட்சிகள் எங்கே துண்டிக்கப்பட்டு எப்படி இணைக்கப்படுகின்றன என்று குறிப்பெழுதவும் பழகினான். அவர்தான் சத்யஜித் ராய். 1947-இல் நண்பர்களுடன் கல்கத்தா பிலிம் சொஸைட்டியைத் தொடங்கி, 1955-இல் 'பதேர் பாஞ்சாலி'யை உலகத்துக்கு அளித்தார். நோட்டுப் புத்தகம் வாங்கியவர்களெல்லாம் சத்யஜித் ராய் ஆகிவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், "படம் நன்றாயிருந்தது" என்று வாயால் சொல்வது சுலபம், "ஏன் நன்றாயிருந்தது?" என்று இரண்டு வரி எழுத உட்கார்ந்தால், அப்போதுதான் நாம் உண்மையில் எதைப் பார்த்தோம் என்பது நமக்கே தெரியவரும்.

இனித் தேசத் தொண்டு. இந்தியர்களுக்குச் சரித்திரம் எழுதும் புத்தியே கிடையாதென்று வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் ஏளனம் செய்ததுண்டு. அதற்குப் பதில் புதுச்சேரியிலேயே இருக்கிறது. அங்கே துபாஷியாயிருந்த ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761 வரையில் கப்பல் வந்ததையும், சரக்கு விற்றதையும், ஊர் வம்பையும் தமிழில் எழுதி வைத்தார். தமக்காக அவர் எழுதிய அந்த நாட்குறிப்பு இன்று தென்னாட்டுச் சரித்திரத்துக்கு ஓர் ஆதாரமாக விளங்குகிறது. துப்ளேயின் உத்தரவுகளைப் பிரெஞ்சுக்காரர்களின் காகிதங்களிலும் காணலாம். அவற்றை ஊரார் எவ்விதம் பேசிக் கொண்டார்கள் என்பதைப் பிள்ளையிடம்தான் கேட்டறிய வேண்டும்.

சினிமா விஷயத்தில் நமது நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்', தென்னாட்டின் முதல் கதைப் படம். அது இன்று இல்லை. 1931-ஆம் வருஷம் அக்டோபர் 31-ந் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான 'காளிதாஸ்', தமிழ் பேசிய முதல் படம். டி. பி. ராஜலக்ஷ்மி அதில் தமிழில் பேசி, காந்தியடிகளின் ராட்டினத்தைப் பற்றியும் பாடினார். அதுவும் இன்று இல்லை. பழைய படச் சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டினால் ஆனவை. எரிந்தவை பல, உஷ்ணத்தில் மக்கியவை பல, உள்ளே இருந்த வெள்ளிக்காக உருக்கப்பட்டவை பல. தென்னாட்டு ஊமைப் படங்களில் தப்பிய 'மார்த்தாண்ட வர்மா' (1933) கூடப் போற்றிக் காத்ததனால் தப்பவில்லை. நாவலைப் பதிப்பித்தவர்கள் உரிமை கோரி வழக்குத் தொடர்ந்தார்கள், படம் முடங்கிற்று, முடங்கிக் கிடந்ததனாலேயே பிழைத்தது!

மறைந்த படங்களைப் பற்றி நாம் அறிந்தவை எல்லாம் காகிதத்தின் தயவினால்தான். கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள், விளம்பர நோட்டீஸ்கள், பத்திரிகை விமரிசனங்கள் முதலியவையே சாட்சிகள். இப்படிச் சிதறிய விவரங்களைத் திரட்டுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டார் பிலிம் நியூஸ் ஆனந்தன். 1931 முதல் வெளிவந்த தமிழ்ப் படங்களின் விவரங்களைச் சேகரித்து, 2004-இல் பெரிய நூலாக வெளியிட்டார். அதே போல, சிறு பிராயத்தில் சினிமா டிக்கெட்டின் துண்டுகளைச் சேர்த்து வைத்த திருவனந்தபுரத்துப் பையன் ஒருவன், பிற்காலத்தில் புனாவிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தை உருவாக்கிய பி. கே. நாயர் ஆனான். இருட்டில் சிறிய டார்ச் விளக்கை வைத்துக் கொண்டு குறிப்பெழுதுவது அவர் வழக்கம். 1991-இல் அவர் ஓய்வு பெற்றபோது காப்பகத்தில் சுமார் 12,000 படங்கள் இருந்தன. கணக்கு வைத்துப் பழகிய இவ்விருவரும் 2016-ஆம் வருஷம் மார்ச் மாதத்திலேயே, சில நாள் இடைவெளியில் காலமானார்கள்.

சர்க்காரும் நிபுணர்களும் இவ்வளவு செய்திருக்க, வீட்டு நோட்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 1939-இல் வெளிவந்த 'தியாக பூமி'யை எடுத்துக் கொள்ளுங்கள். கல்கியின் கதை, கே. சுப்ரமண்யம் டைரக்ட் செய்தது. அதில் கதாநாயகி சாவித்திரி, தன்னைக் கைவிட்ட கணவனோடு மறுபடியும் வாழ மறுக்கிறாள். அவனுக்குத் தானே ஜீவனாம்சம் தருவதாகச் சொல்லுகிறாள். தேசத் தொண்டில் இறங்குகிறாள். பிரிட்டிஷ் சர்க்கார் இப்படத்தைத் தடை செய்தார்கள். சர்க்கார் நினைத்தது நமக்குத் தெரியும். ஆனால், படம் பார்த்து வீடு திரும்பிய அம்மாமார்கள் சாவித்திரியைப் பற்றி என்ன பேசிக் கொண்டார்கள்? "அப்படித்தான் செய்யவேண்டும்" என்றார்களா? "இதென்ன அநியாயம்" என்றார்களா? மறுநாள் காலையில் ஒரு வீட்டில் நாலு வரி எழுதியிருந்தால், அது இன்று எவ்வளவு பெரிய பொக்கிஷம்! பட்டியலை நிபுணர்கள் தயாரிப்பார்கள்; பார்த்தவர் மனத்தில் நேர்ந்ததைப் பார்த்தவரேதான் எழுதமுடியும்.

எழுதும் முறை மிகவும் எளிது. தேதி, படத்தின் பெயர், பாஷை, டைரக்டர், பார்த்த இடம், உடன் பார்த்தவர்கள் ஆகிய விவரங்களுக்கு ஒரு வரி போதும். கதைச் சுருக்கம் அநாவசியம். அதைப் பிறர் எழுதுவார்கள். அன்றிரவே மனத்தில் நின்ற ஒரு காட்சியையோ, ஒரு பேச்சையோ, ஒரு முகத்தையோ குறித்து விடுங்கள். ஒரு வாரம் கழித்து, இன்னும் நிற்பது எது என்று மற்றொரு வரி எழுதுங்கள். இவ்விரண்டு வரிகளுக்கும் உள்ள வித்தியாசமே படத்தின் தரத்துக்கு நல்ல உரைகல். பாதியில் நிறுத்திய படத்தையும் காரணத்தோடு எழுதுங்கள். பழைய அபிப்பிராயம் பிற்பாடு மாறினால் அதை அடிக்கவேண்டாம். கீழே புதியதை எழுதுங்கள். குழந்தைகள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். கைப்பேசியில் இதற்கென்றே வசதிகள் வந்துவிட்டன. அவற்றை உபயோகிப்பதில் தவறில்லை. எனினும் எண்பது வருஷம் கழித்துப் பேத்தி திறந்து படிப்பதற்குக் காகிதம்தான் நம்பகமானது.

ஓர் அபாயத்தை மட்டும் சொல்லிவைக்க வேண்டும். கணக்கு எழுதத் தொடங்கியதும், எண்ணிக்கையைப் பெருக்கும் ஆசை சிலருக்கு வந்துவிடும். நூறு படம் பார்த்து ஒன்றும் நினைவில்லாதவரைவிட, பத்துப் படம் பார்த்து மூன்றை மறவாதவரே சிறந்த ரசிகர்.

வருஷ முடிவில் ஒரு மாலை வேளையில் குடும்பத்தார் எல்லாரும் உட்கார்ந்து அந்த நோட்டை உரக்கப் படியுங்கள். எந்தப் பாஷைப் படங்களை நாம் எட்டியும் பார்க்கவில்லை, எந்தப் படத்தைப் பிறர் புகழ்ந்தார்கள் என்பதற்காகவே புகழ்ந்தோம், எது நம் வீட்டில் ஒரு நல்ல சண்டையைக் கிளப்பிற்று என்பதெல்லாம் அப்போது வெளியாகும். அடுத்த வருஷம் எந்தப் படத்துக்குப் போவது என்பதை விளம்பரக்காரர்கள் தீர்மானிக்க மாட்டார்கள். நீங்களே தீர்மானிப்பீர்கள். ரசனையில் சுயராஜ்யம் என்பது இதுதான்.