கேழ்வரகு விதைத்தால் கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்ததுமே கடைவீதிகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. மடித்து வைத்ததை விரித்தால் போதும், நட்சத்திரம் தயார். தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய குடிலும் பக்கத்திலேயே கிடைக்கிறது. அவசரக்காரர்களுக்கு அவை உதவட்டும். ஆனால் வீட்டில் ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் ஒரு பிள்ளை இருந்தால், இந்த ஆண்டு அவற்றை வாங்காதீர்கள் என்று கெஞ்சியே கேட்பேன். குடில் கட்டுவதுதான் பிள்ளைகளுக்கு கிறிஸ்துமஸ். கட்டி முடித்ததைப் பார்ப்பது அதில் ஒரு சிறு பங்கு.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி விடுவது பெரும்பாலும் 23ஆம் தேதி வாக்கில். அதன் பிறகு ஆரம்பித்தால் ஒரே நாளில் எல்லாம் முடிய வேண்டும். அவசரத்தில் பெரியவர்கள் வேலையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் டிசம்பர் 12, 13 தேதிகளிலேயே கேழ்வரகில் தொடங்கிவிட வேண்டும். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு இதற்குத் தேவை தினமும் இரண்டு நிமிடம்தான். ஒரு பிடி கேழ்வரகை இரவு ஊறவைத்து, மறுநாள் பழைய தாம்பாளத்தில் ஈரமண் பரப்பி நெருக்கமாகத் தூவி, மேலே லேசாக மண் போட்டுத் தண்ணீர் தெளித்தால் முடிந்தது. இரண்டு மூன்று நாளில் வெள்ளை முளை தெரியும். பத்து நாளில் விரல் உயரப் புல். பெத்லகேம் வயல்வெளி அதுதான். முளைப்பாரி போடுகிற வீடுகளுக்கு இந்த வேலை புதிதல்ல. முளைப்பாரியை வெயில் படாமல் வைப்பதால் பயிர் வெளிர்மஞ்சளாக வரும். குடிலுக்குப் பச்சை வேண்டும், முளை கண்டதும் ஜன்னலோரம் வைத்துவிட வேண்டும். தண்ணீர் தெளிப்பது முழுக்கப் பிள்ளையின் பொறுப்பு. ஒருநாள் மறந்து பயிர் வாடினால் வாடட்டும், நாம் ரகசியமாக ஊற்ற வேண்டாம்.

அடுத்தது நட்சத்திரம். மூங்கில் கூடை முடைகிறவர்களிடமோ பந்தல் போடுகிறவர்களிடமோ கேட்டால் மெல்லியதாகச் சீவிய சிம்பு கிடைக்கும். சீவுவதும் வெட்டுவதும் பெரியவர் வேலை. சிலாம்பு கையில் ஏறாதபடி உப்புத்தாளால் தேய்ப்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். 60 செ.மீ. நீளத்தில் பத்துக் குச்சிகள் போதும். ஐந்து ஐந்தாக இரண்டு நட்சத்திரங்கள் கட்டி, முனைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்ட வேண்டும்.

இங்கேதான் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு குச்சியிலும் இரண்டு முனையிலிருந்தும் 23 செ.மீ. அளந்து பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். குச்சிகள் ஒன்றையொன்று வெட்டும் இடம் சரியாக அந்தக் கோடுகள்தான். குச்சி எந்த நீளமானாலும் நூற்றுக்கு ஏறத்தாழ 38 என்ற விகிதம் மாறாது. அந்த இடங்களில் ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று பின்னிக்கொண்டு போனால், கடைசிக் குச்சி நுழைந்ததும் கட்டாமலே நட்சத்திரம் நிற்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் கணத்தில் வருகிற முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் பெயர்பெற்ற மொராவிய நட்சத்திரமே 1830களில் நீஸ்கி என்ற ஊரின் பள்ளியில் வடிவியல் பாடமாகப் பிறந்ததாகச் சொல்வார்கள். நம்புவதில் எனக்குச் சிரமமே இல்லை.

முனைகளை முதலில் ரப்பர் பேண்டால் பிடித்துக்கொண்டு பிறகு சணலால் கட்டினால் சின்னக் கைகளுக்கு எளிது. அதன் பின், உள்பக்கம் குச்சிகள் சந்திக்கும் ஐந்து இடங்களிலும் முன் நட்சத்திரத்துக்கும் பின் நட்சத்திரத்துக்கும் நடுவே 12 செ.மீ. துண்டு ஒன்றை முட்டுக்கொடுக்க வேண்டும். தட்டையாகக் கிடந்தது வயிறு புடைத்து எழும். பட்டம் செய்கிற மெல்லிய வண்ணத்தாளை ஒட்ட மைதாப் பசை போதும்: இரண்டு ஸ்பூன் மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றி, பளபளப்பு வரும்வரை கிண்ட வேண்டும். கெடாமல் இருக்க மயில்துத்தம் சேர்க்கிற பழக்கம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் தொடுகிற பசையில் கூடவே கூடாது. அன்றன்றைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சிக்கொள்ளலாம். மழைநாளில் பசை காய அரைநாள் ஆகும், தாள் தொய்யும், காய்ந்ததும் தானே விறைத்துக்கொள்ளும். உள்ளே சூடேறாத சிறிய எல்இடி பல்புதான் போட வேண்டும். குண்டு பல்பு தாளைக் கருக்கிவிடும்.

குடிலுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழுப்புத்தாளைக் கசக்கி, கரித்தூள் கரைத்த பசையைத் தடவினால் பாறை. நாலு குச்சியும் வைக்கோலும் கூரை. பொம்மைகளை மட்டும் பிள்ளைகளே களிமண்ணில் செய்யட்டும். கோழி கழுதையைவிடப் பெரிதாக வரும், இடையனுக்குக் கழுத்து நிற்காது. "அத்தை, ஆட்டுக்குட்டிக்கு மழை பிடிக்காதே, அதை உள்ளே விடலாமா?" என்று எங்கள் வீட்டுச் சிறுமி கேட்டாள். உள்ளே விட்டோம். மூன்று அரசர்களுக்கு இடம் போதவில்லை, வாசலில் நின்றார்கள்.

"பைபிளில் கோழி உண்டா?" என்று யாராவது பெரியவர் கேட்பார். மாடும் கழுதையும்கூடக் கிடையாது என்று தைரியமாகச் சொல்லுங்கள். லூக்கா எழுதியிருப்பது முன்னணையைப் பற்றி மட்டும்தான். பிறப்புக் காட்சியில் எந்த விலங்கையும் நற்செய்திகள் சொல்லவில்லை. 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசி, வைக்கோல் பரப்பிய தொட்டியருகே உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் காட்சி அமைத்தார். குழந்தை இயேசு பிறந்த நிலையைக் கண்ணால் கண்டு உணர வேண்டும் என்பது அவர் எண்ணம். குடில் மரபு பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அவர் தம் ஊரில் கிடைத்ததை வைத்தார். நம் பிள்ளைகள் மாட்டுவண்டியையும், கொலுப் பெட்டியிலிருந்து எடுத்த செட்டியார் பொம்மையையும் வைக்கிறார்கள். தடுக்காதீர்கள்.

பள்ளிகளில் 'கிராஃப்ட்' என்று கொடுக்கிற வேலையை இரவு பதினொரு மணிக்கு அம்மாக்கள் செய்துகொண்டிருப்பதைப் பார்க்கையில் மனம் வலிக்கிறது. மதிப்பெண் வாங்குவது அம்மாவின் கைவேலை. குடிலுக்கு மதிப்பெண் போட யாரும் வரப்போவதில்லை. பசை வழிந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பாமல் அப்படியே விடலாம்.

குழந்தை இயேசுவை 24ஆம் தேதி நள்ளிரவு வரை தொட்டியில் வைக்காத வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வைக்கிற உரிமையைக் கடைக்குட்டிக்குக் கொடுங்கள். தூங்கிவிட்டால் காலையில் வைக்கட்டும். ஜனவரி 6, மூன்று அரசர்கள் திருநாள் முடிந்து குடிலைக் கலைக்கும்போதும் பிள்ளைகள் கூடவே இருக்க வேண்டும். களிமண் பொம்மைகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் போடலாம். கேழ்வரகுப் புல் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு. நட்சத்திரத்தின் தாளைக் கிழித்துவிட்டு மூங்கில் கூட்டைப் பரணில் மாட்டிவைத்தால், அடுத்த டிசம்பரில் தாளும் பசையும் இருந்தால் போதும்.