மெய்ப்பாடும் கைப்பட்டையும்

மனத்தில் எழும் உணர்ச்சி உடலில் புலப்படுவதை நம் முன்னோர் மெய்ப்பாடு என்றனர். தொல்காப்பியர் அதற்கென ஓர் இயலே வகுத்தார். காதல் அரும்பும் நிலையில் தலைவியின் நெற்றி வியர்ப்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. அத்தகைய வியர்வையை இன்று கையில் கட்டும் பட்டை ஒன்று அளக்கின்றது.

அளக்கும் முறை யாது? உணர்ச்சி மேலிடும்போது பரிவு நரம்புகள் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. கண்ணுக்குப் புலனாகாத அவ்வீரத்தால் தோலின் வழியே மின்சாரம் எளிதிற் பாய்கின்றது. பட்டையின் உட்புறத்திலுள்ள உலோக முனைகள் அவ்வேறுபாட்டைப் பதிவு செய்கின்றன. சிறு விளக்கொன்று தோலின்கீழ் ஓடும் இரத்தத்தின்மீது ஒளி பாய்ச்ச, அதன் ஏற்றத்தாழ்விலிருந்து நாடித்துடிப்பு கணக்கிடப்படுகின்றது.

1983ஆம் ஆண்டிலேயே லெவன்சன், காட்மன் என்னும் அமெரிக்க உளவியலார் 30 தம்பதியரை ஆய்வுக்கூடத்தில் அமர்த்தி இத்தகைய உடற்குறிகளை ஆராய்ந்தனர். ஆய்வுக்கூடத்தினின்று அன்றாட வாழ்வுக்கு இம்முறையைக் கொணர்ந்தோருள் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் குறிப்பிடத்தக்கவர். அக்குழுவைச் சார்ந்த பேராசிரியர் ஸ்ரீகாந்த் நாராயணன் நம் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றவர். 34 இளம் இணையர் ஒரு நாள் முழுதும் கருவிகளை அணிந்தனர். கைப்பேசி அவர்தம் பேச்சை அவ்வப்போது பதிவு செய்தது. மணிக்கொரு முறை அவர்களே தம் மனநிலையைக் குறித்தனர். கணிப்பொறி இவற்றை ஒருங்கே ஆராய்ந்து, பிணக்கு நேர்ந்த வேளைகளை 86 விழுக்காடு வரை சரியாகக் கண்டதென 2017இல் அறிவிக்கப்பட்டது.

ஆயினும், வெகுளியிலும் வியர்க்கும், உவகையிலும் வியர்க்கும். மாடிப்படி ஏறினாலும் நாடி விரையும். பட்டை தனித்து உணர்த்துவது கிளர்ச்சியின் அளவை மட்டுமே. அதனாலன்றோ ஆய்வாளர் பேச்சையும் மனநிலைக் குறிப்பையும் உடன் சேர்த்தனர்!

புணே நகரின் கராடி போன்ற இடங்களில் கணிப்பொறித் தொழில் புரியும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில், கணவனும் மனைவியும் இருவருமே பணிக்குச் செல்கின்றனர். மனத்தாங்கல் நேர்ந்தால், இடைநின்று ஆற்றப் பெரியவர் எவரும் அருகில் இல்லை. பூசல் முற்றுமுன் எச்சரிக்கும் கருவி அவர்களுக்கு ஏற்ற துணையெனத் தோன்றலாம். ஆனால் ஒருவர் நாடியை மற்றவர் சான்றாகக் காட்டி வழக்காடத் தொடங்கினால், துணை வந்த கருவியே ஒற்றனாகிவிடும். ஆகவே இருவரும் மனமொத்த பின்னரே அதனை அணிதல் வேண்டும். பதிவுகள் எங்குச் சேர்கின்றன, எவர் காண்பர் என்பதை முன்னரே கேட்டறிதல் வேண்டும். வேண்டாமென ஒருவர் கூறின் அக்கணமே கழற்றிவிடல் வேண்டும். நாடி ஏன் விரைந்தது என்பதை, அருகிலிருப்பவரிடம் அன்புடன் வினவியே நாம் அறிதல் இயலும்.